கேம் ஆடும்போது லேப்டாப் கொதிக்கிறது, வேகம் விழுகிறது: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

போன மே மாதம் அத்தை மகன் தன் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 2020-ல் வாங்கியது, நான்கு கோர் ஐ5. "அண்ணா, கூலிங் பேட் வாங்கியாச்சு, பேஸ்ட்டும் மாத்தியாச்சு. இன்னும் கேமுக்குள்ள போனா நின்னு நின்னுதான் போகுது" என்றான். பேஸ்ட் என்பது ப்ராசஸரின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தப் பூசும் பசை. கடையில் மதர்போர்டு போயிருக்கும் என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கேமை ஓடவிட்டு எண்களைப் பார்த்தேன். ப்ராசஸர் சூடு 58 டிகிரி. கிளாக், அதாவது அது ஓடும் வேகம், 0.8 கிகாஹெர்ட்ஸ். 4.5 வரை போகக்கூடிய சிப் அது.

அந்த லேப்டாப்பில் சூடே இல்லை. பழைய சார்ஜர் கெட்டுப்போய், முள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு 90 வாட் சார்ஜர் வாங்கியிருந்தான். லேப்டாப்போடு வந்தது 150 வாட். புதிய சார்ஜரை லேப்டாப்பால் அடையாளம் காண முடியவில்லை, அதனால் ப்ராசஸரைக் கீழ்மட்ட வேகத்தில் பிடித்து வைத்துவிட்டது. சரியான சார்ஜரை மாட்டியதும் அதே நிமிடத்தில் கிளாக் 4-க்கு மேல் போனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. த்ராட்டிலிங் என்றால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. அப்படிக் குறைக்கச் சொல்வது சூடாக இருக்கலாம், வாட் வரம்பாக இருக்கலாம், சார்ஜராக இருக்கலாம், பேட்டரியாகக்கூட இருக்கலாம். ஆட்டம் சிக்குவது என்னவோ எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் தெரியும். யார் பிரேக் போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள்.

முதல் வேலை: மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். திறக்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்தால் தேவையில்லாத ஜன்னல்கள் வராது. கேமை 20 நிமிடம் ஆடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க், அதற்குச் சூட்டைக் கொண்டுபோகும் ஹீட் பைப், கீழ் மூடி எல்லாம் முழுச் சூடு ஏறி நிலைக்க நேரமாகும். பிறகு கேமை மூடாமலே ஆல்ட், டேப் அழுத்தி வெளியே வந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் இப்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று நான்கு எண்கள் இருக்கும். வெளியே வந்த நொடியிலேயே சூடு இறங்க ஆரம்பித்துவிடும், அதனால் அதிகபட்சத்தையும் சராசரியையும்தான் நம்ப வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று: சிபியு, அதாவது ப்ராசஸரின் வெப்பநிலை, கோர் கிளாக், சிபியு எத்தனை வாட் இழுக்கிறது என்பது. படம் வரையும் சிப்பான ஜிபியுவுக்கும் இதே மூன்று. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 96 டிகிரியில் 4 கிகாஹெர்ட்ஸ் ஓடுவது ஒரு நிலை, 96 டிகிரியில் 1.9 ஓடுவது முற்றிலும் வேறு நிலை.

அப்புறம் இன்னொரு வரி. இன்டெல் என்றால் 'கோர் தெர்மல் த்ராட்டிலிங்', 'பவர் லிமிட் எக்ஸீடட்' என்று வரிகள் இருக்கும், பக்கத்தில் ஆம் அல்லது இல்லை. ஏஎம்டி என்றால் தெர்மல் த்ராட்டிலிங் என்ற பெயரிலேயே இரண்டு மூன்று வரிகள் வரும். அதில் 'ப்ராக்ஹாட் எக்ஸ்டர்னல்' என்பதற்கு நேரே ஆம் என்று இருந்தால், பிரேக் போட்டது ப்ராசஸர் இல்லை, வெளியே இருக்கும் வேறு ஏதோ ஒன்று. நோயின் பெயரே இந்த வரியில் எழுதியிருக்கிறது. நிறையப் பேர் இந்த வரி வரைக்கும் கீழே உருட்டிப் பார்ப்பதில்லை.

இன்டெல் லேப்டாப்புக்கு த்ராட்டில்ஸ்டாப் என்ற சிறிய மென்பொருளும் உதவும். அதன் 'லிமிட்ஸ்' ஜன்னலில் எந்த வரம்பு இடிக்கிறதோ அந்தப் பெயர் சிவப்பாக மாறும். தெர்மல், பிஎல்1, பிஎல்2, ப்ராக்ஹாட் என்று பெயர்கள் இருக்கும், இவற்றின் பொருள் கீழே அந்தந்த அறிகுறியில் வரும். ஆடி முடித்ததும் திறந்து பார்த்தால், நடந்து முடிந்தவை மஞ்சளாக நிற்கும்.

இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அறையின் வெப்பத்தையும் சேர்த்து. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஜனவரி இரவில் 84 காட்டிய லேப்டாப் கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே 94 காட்டினால், அதில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை.

அறிகுறி: பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, பிறகு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) சரிகிறது

எண்களில் தெரிவது: சிபியு 95-க்கு மேல், தெர்மல் த்ராட்டிலிங் 'ஆம்', கிளாக் மேலும் கீழும் குதிக்கிறது. இதுதான் உண்மையான சூட்டுப் பிரச்சினை.

இன்டெல்லின் பெரும்பாலான லேப்டாப் சிப்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ரைசன் 4000, 5000 வரிசை ஹெச் சிப்களுக்கு 105, 6800ஹெச்சுக்கு 95. சிப் அந்த எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் சிபியுவும் ஜிபியுவும் ஹீட் பைப்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் ஜிபியு 80 வாட் இழுக்கும்போது அந்தச் சூடு சிபியு பக்கமும் வந்து சேரும். சிபியுவை மட்டும் சோதிக்கும் மென்பொருளில் 82 காட்டிய லேப்டாப் கேமில் 97-க்குப் போவது இதனால்தான். அந்த மாதிரிச் சோதனையை நம்பி இருக்காதீர்கள், நீங்கள் ஆடும் கேமையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான மாடல்கள் கீழிருந்துதான் காற்றை இழுக்கின்றன. மெத்தை, போர்வை, மடி, மேஜை விரிப்பு எதுவும் கூடாது. பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே சில டிகிரி இறங்கும். ஒரே அளவில் இரண்டு பாட்டில் மூடிகள் போதும். பின்னாலும் பக்கத்திலும் சூடான காற்று வெளியேறும் இடம் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் வெளியே தள்ளிய காற்றையே லேப்டாப் திரும்ப உறிஞ்சும்.

அடுத்தது ஃபேன் மோடு. லெனோவோவில் வான்டேஜ், ஆசஸில் ஆர்மரி கிரேட், ஹெச்பியில் ஓமன் கேமிங் ஹப், ஏசரில் நைட்ரோசென்ஸ், எம்எஸ்ஐயில் எம்எஸ்ஐ சென்டர். இவற்றில் சைலன்ட் மோடு இருந்தால் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் உச்ச பர்ஃபார்மன்ஸ் மோடுதான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அந்த மோடில் ஃபேனோடு சேர்ந்து வாட் வரம்பும் ஏறும். ஃபேன் கூடுதலாகத் தள்ளும் சூட்டைவிட சிப் கூடுதலாக உண்டாக்கும் சூடு அதிகமாகிவிடும். பல லேப்டாப்களில் பேலன்ஸ்டு மோடும், கையால் ஏற்றி வைத்த ஃபேனும் சேர்ந்தால் நன்றாக அமைகிறது. இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, எதில் கிளாக் சராசரி அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் 95-லேயே நின்றால், அதுவும் வாங்கிய புதிதில் இப்படி இல்லை என்றால், தூசிதான். ஒன்றரை இரண்டு வருடம் திறக்காத லேப்டாப் என்றால் இதில் சந்தேகமே வேண்டாம். வாரண்டி காலம் முடியவில்லை என்றால், கீழ் மூடியைத் திறக்க அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

தூசி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூடியைத் திறந்ததும் ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெரியும். அதைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது உண்மையான அடைப்பு இல்லை. ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும், செம்பு அல்லது அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. என் சொந்த லேப்டாப்பில் ஃபேனின் மூன்று திருகுகளை எடுத்து, ஃபேனை ஒரு ஓரமாகத் தூக்கியபோதுதான் பார்த்தேன். தகடுகளின் உள்முகம் முழுவதும் கம்பளித் துண்டு ஒட்டிய மாதிரி ஒரே படலம், முக்கால் மில்லிமீட்டர் கனம். ஊசிமுனையால் ஓரத்தைக் கிளப்பினேன். கிழியாமல் தலையணைப் பஞ்சு மாதிரி ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் செம்பு புதிது போலப் பளபளத்தது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தப் பஞ்சைத் தாண்டி எவ்வளவு காற்று போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேஸ்ட்டைத் தொடவே இல்லை. அன்று ராத்திரி அதே கேமில் 97 இருந்த இடத்தில் 85.

இப்படிப்பட்ட படலத்தை வெளியிலிருந்து ஊதி எடுக்க முடியாது. வெளியிலிருந்து ஊதினால் பஞ்சு ஃபேனுக்குள் போய் விழும். அதனால் முறையாகச் செய்யுங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். கீழ் மூடித் திருகுகள் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப் மாதிரிக் கட்டம் வரைந்து, எடுத்த திருகை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மூடியைத் திறந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் இரண்டு பக்கத்தையும் நகத்தால் மெல்லத் தள்ள வேண்டும். ஃபேனைத் தூக்கிப் படலத்தை எடுங்கள். மீதிக்கு ஒரு பெயின்ட் பிரஷும், கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் புளோயரும் போதும். பவர் புளோயர் பயன்படுத்தினால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம், அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் சர்க்யூட்டுக்கு ஆகாது.

பேஸ்ட் கடைசி. தூசி எடுத்த பிறகும் சிபியு நொடிக்குள் 60-லிருந்து 95-க்குத் தாவினால், அல்லது ஒரு கோர் மற்றதைவிட 12, 15 டிகிரி அதிகமாக நின்றால், பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. லேப்டாப்பில் ஹீட் சிங்க் நேராகச் சிலிக்கன் மேலேயே உட்காருகிறது. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். இளகலான பேஸ்ட் சில மாதங்களிலேயே இப்படி ஆகும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரியான சாதாரண பேஸ்ட் முதல் நாள் அருமையாக இருக்கும், லேப்டாப்பில் நீண்ட நாள் தாங்காது. என் பரிந்துரை ஹனிவெல்லின் பிடிஎம்7950. இது பேஸ்ட் இல்லை, மெல்லிய தாள். 45 டிகிரிக்கு மேல் இளகிப் பரவி, ஆறினால் கெட்டியாகும், அதனால் பிதுங்கி ஓடுவதில்லை. முதல் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகுதான் முழுப் பலன் தெரியும். போலிகள் நிறையச் சுற்றுகின்றன, விலை மிகக் குறைவாக இருந்தால் தொட வேண்டாம்.

லிக்விட் மெட்டல் வேண்டாம் என்பேன். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு சொட்டு வழிந்தால் போர்டே போகும். ஆலையிலேயே அதைப் போட்டு, சுற்றிலும் தடுப்பு வைத்து விற்கும் மாடல்கள் வேறு, நாம் வீட்டில் ஊசியால் போடுவது வேறு.

அறிகுறி: பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிட மோசம்

கடையில் மாற்றியிருந்தாலும் நீங்களே மாற்றியிருந்தாலும், முக்கால்வாசி இடங்களில் தப்பு ஹீட் சிங்க் சரியாக உட்காராததுதான். ஹீட் சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பார்கள். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து. ஒரே மூச்சில் ஒரு திருகை இறுக்கிவிடாமல், எல்லாவற்றையும் பாதி இறுக்கி, பிறகு அதே வரிசையில் முழுதாக இறுக்குங்கள். எதிரெதிர் மூலையாக இறுக்குவதால் அழுத்தம் சமமாக விழும்.

இரண்டாவது காரணம் தெர்மல் பேட். சிபியு, ஜிபியுவைச் சுற்றி இருக்கும் மெமரி சிப்கள் மேலும் மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் மேலும் ரப்பர் மாதிரிப் பட்டைகள் ஒட்டியிருக்கும். அவை கிழிந்திருந்தால் அதே கனத்தில்தான் புதியது போட வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு, சிபியுவைத் தொடாமல் நிற்கும். கிழியாத பேடை மாற்றவே மாற்றாதீர்கள்.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் வைத்துத் துடையுங்கள். சிப் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம், கத்தியால் சுரண்ட வேண்டாம்.

அறிகுறி: 95 டிகிரி காட்டுகிறது, ஆனால் கேம் நன்றாகத்தான் ஓடுகிறது

கிளாக் இறங்கவில்லை, எஃப்பிஎஸ் சரியவில்லை, வெப்பநிலை எண்ணைப் பார்த்துத்தான் பயம் என்றால், உங்கள் லேப்டாப் கெட்டுப்போகவில்லை. இப்போதைய சிப்கள் இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. ஐ7-12700ஹெச் சாதாரணமாக 45 வாட், டர்போவில், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஏறும்போது, 115 வாட் வரை இழுக்கும். அவ்வளவு வாட்டையும் ஒரு லேப்டாப் ஹீட் சிங்க் ஜிபியுவோடு சேர்ந்து நெடுநேரம் தாங்குவது கஷ்டம். ஆனாலும் கீபோர்டு கையைச் சுடுகிறது, ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்றால் சூட்டைக் குறைக்க வழிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் திருகைத் தொடாமல் 10, 15 டிகிரி இறக்கலாம்.

முதலில் எஃப்பிஎஸ்ஸுக்குக் கடிவாளம் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 எஃப்பிஎஸ் ஓடினால் பாதிக்கு மேற்பட்ட ஃப்ரேம்கள் கண்ணுக்கே வருவதில்லை, அவற்றை வரைந்த சூடு மட்டும் மிஞ்சும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது, உங்கள் திரையின் ஹெர்ட்ஸ் எவ்வளவோ அதையோ கொஞ்சம் குறைவாகவோ வையுங்கள். கேமின் மெனுத் திரையில்கூடச் சில கேம்கள் 300, 400 எஃப்பிஎஸ் ஓடும். லாபியில் காத்திருக்கும்போதே ஃபேன் கத்துவது அதனால்தான்.

இரண்டாவது டர்போ. ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். வேகம் ஏற ஏற வோல்ட்டேஜும் ஏற வேண்டும். அதனால் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சூடு மிக அதிகம். அதை விட்டுக்கொடுத்தால் எஃப்பிஎஸ்ஸில் இழப்பது கொஞ்சம், சூட்டில் மிச்சமாவது நிறைய. எளிய வழி: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட். 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100 இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ முழுவதும் அணைந்து, அடிப்படை வேகத்தில் நிற்கும். ஐ5-10300ஹெச்சுக்கு அது 2.5 கிகாஹெர்ட்ஸ். ஜிபியுதான் முழுச் சுமையும் தாங்கும் பெரிய படக்காட்சிக் கேம்களில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். வாலரண்ட் மாதிரி சிபியுவை நம்பி ஓடும் கேமில் நன்றாகவே தெரியும், அதற்கு இந்த வழி முரட்டுத்தனம். அப்படிப்பட்டவர்கள், லேப்டாப் அனுமதித்தால், த்ராட்டில்ஸ்டாப்பில் டர்போ விகிதத்தை (45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ்) 45-லிருந்து 39, 38 என்று மட்டும் இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது அண்டர்வோல்ட். வேகத்தைக் குறைக்காமல் வோல்ட்டேஜை மட்டும் குறைப்பது. இன்டெல்லின் 8, 9-ஆம் தலைமுறை லேப்டாப்களில் இது நல்ல பலன் தரும். 50 மில்லிவோல்ட் குறைத்து ஒரு நாள் ஆடுங்கள், பிறகு பத்துப் பத்தாகக் குறையுங்கள். கம்ப்யூட்டர் உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ கடைசியாக நிலையாக இருந்த எண்ணுக்குத் திரும்புங்கள். 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்ட்டேஜைக் குலைத்தே சிப்பின் ரகசியப் பகுதியைத் திறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் வழியாக நிறைய லேப்டாப்களில் இந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். உங்கள் லேப்டாப்பில் த்ராட்டில்ஸ்டாப் 'லாக்டு' என்று காட்டினால் காரணம் இதுதான். அதை உடைக்கப் பழைய பயாஸ் ஏற்றுவது போன்ற வேலையில் இறங்க வேண்டாம். ஜிபியுவுக்கு அந்தப் பூட்டு இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைவு வரும். அதில் குறைந்த வோல்ட்டேஜிலேயே வேண்டிய வேகத்தைத் தொட்டு, அதற்கு மேல் கோட்டைச் சமமாக்கினால் போதும். ஹீட் பைப் பொதுவானது என்பதால் ஜிபியு குளிர்ந்தால் சிபியுவும் குளிரும்.

கூலிங் பேட் பற்றிக் கேட்பார்கள். கீழே இரண்டு சின்ன ஃபேன் சுற்றும் சாதாரண பேடின் பலன் பெரும்பாலும் லேப்டாப்பைத் தூக்கி வைப்பதிலேயே வந்துவிடுகிறது. சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஓரம் வைத்து, பெரிய ஃபேனால் காற்றை அடைத்து உள்ளே தள்ளும் வகை உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் சத்தமும் விலையும் அதிகம்.

அறிகுறி: சூடு 75, 80-தான், ஆனாலும் அரை நிமிடத்தில் கிளாக் இறங்கிவிடுகிறது

தெர்மல் 'இல்லை', பவர் லிமிட் 'ஆம்' என்று வரும். வாட் எண்ணைப் பாருங்கள். முதல் சில பத்து நொடிகள் 80, 90 வாட் இழுத்துவிட்டு, பிறகு 45 அல்லது 35-ல் கோடு போட்ட மாதிரி நிற்கும். அந்தக் குறுகிய ஓட்டம் பிஎல்2, நெடுநேரம் அனுமதிக்கும் அளவு பிஎல்1. இது பழுது இல்லை, லேப்டாப்பை உருவாக்கியவர்கள் வைத்த வரம்பு. பர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றினால் வரம்பு ஏறும். இந்த அறிகுறிக்குப் பேஸ்ட் மாற்றுவது பணத்தைத் தூக்கிப் போடுவதுதான்.

இன்னொன்று, சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஆடினால் கேமிங் லேப்டாப் முழு வேகம் தராது. 30 எஃப்பிஎஸ்ஸில் பூட்டியது போல நின்றால் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வேலை செய்கிறது என்று பொருள். பிளக்கை மாட்டிவிட்டுச் சோதியுங்கள்.

அறிகுறி: கிளாக் 0.4 அல்லது 0.8-ல் ஒட்டிக்கொண்டு ஏறவே மறுக்கிறது

கேம் மட்டுமல்ல, பிரவுசர்கூட ஊர்ந்து போகும். சூடு ஐம்பது, அறுபதுக்குள். த்ராட்டில்ஸ்டாப்பில் ப்ராக்ஹாட் சிவப்பு. அத்தை மகன் லேப்டாப்பின் கதை இதுதான். ப்ராக்ஹாட் என்பது ப்ராசஸரை உடனே வேகம் குறைக்கச் சொல்லும் ஒரு கம்பி. சிப் சூடானால் அது இழுக்கும். போர்டில் இருக்கும் வேறு பாகங்களும் அதே கம்பியை இழுக்கலாம்.

சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். அதன் முதுகில் எழுதிய வாட், லேப்டாப்போடு வந்ததற்குச் சமமா? வோல்ட் அதேதானா? 65 வாட் டைப்-சி சார்ஜரில் பேட்டரி ஏறலாம், கேம் ஓடாது. முள்ளின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல சார்ஜர்கள் அதன் வழியாகத்தான் தங்களை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டுகின்றன. அது சரி என்றால், லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதிலும் ஆகவில்லை என்றால் பேட்டரியும், போர்டில் உள்ள சென்சாரும் மிச்சம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது வேகம் திரும்பினால் பேட்டரிதான் காரணம்.

த்ராட்டில்ஸ்டாப்பில் 'பிடி ப்ராக்ஹாட்' என்ற டிக்கை எடுத்தால் வேகம் திரும்பிவிடும் என்று ஒரு வழி சொல்வார்கள். உண்மைதான், திரும்பும். ஆனால் அது வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் இருக்கச் சொல்வது. சென்சார் மட்டும்தான் கெட்டது, மற்ற எல்லாம் சரி என்று உறுதியான பிறகே அதைச் செய்யலாம். வாட் பற்றாத சார்ஜரோடு அதைச் செய்தால் சார்ஜர் அளவு மீறிச் சூடாகும், அது ஆபத்து.

அறிகுறி: நொடிக்கு ஒரு தடவை சிக்கல், ஆனால் சராசரி எஃப்பிஎஸ் குறையவில்லை

கிளாக் நேர்கோட்டில் இருந்தால் இது சூடு இல்லை. 8 ஜிபி ராம் நிரம்பி வழிவது, ஹார்டு டிஸ்கில் கேம் இருப்பது, கேம் புதிதாக ஷேடர்களை (படத்தின் ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) தயாரிப்பது ஆகியவற்றில் ஒன்று. டாஸ்க் மேனேஜரில் ராமும் டிஸ்கும் 100-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஆடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது

ஈவன்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாக் எழுதும் வசதியை ஓடவிட்டு ஆடுங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 100-ஐத் தொட்டு நின்றிருந்தால், அதே கோப்பில் ஃபேன் வேகம் பூஜ்யமா என்று தேடுங்கள். த்ராட்டில் செய்தும் காப்பாற்ற முடியாத அளவுக்குச் சூடு போவது பெரும்பாலும் ஃபேன் நின்றுபோனால்தான். காதை வைத்தால் ஒரு பக்கம் சத்தமே வராது, அல்லது கரகரவென்று வரும். ஃபேன் தனியாகக் கிடைக்கும், மாடல் எண்ணையும் இணைப்பில் எத்தனை முள் என்பதையும் பார்த்து வாங்குங்கள். கடைசி வரியில் 80 டிகிரிதான் என்றால் சார்ஜர், பேட்டரி, மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் என்று தேட வேண்டும். சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது அந்த லாக்கையும் கொண்டுபோங்கள்.

அறிகுறி: டச்பேட் மேலே எழும்புகிறது, கீழ் மூடி மேஜையில் ஆடுகிறது

பேட்டரி உப்பியிருக்கிறது. இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், இன்னொரு ஆட்டமும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மெத்தை, காகிதம், திரைச்சீலை எதுவும் பக்கத்தில் இல்லாமல் சிமென்ட் தரையில் வையுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்ப்பதோ, ஓட்டை போட்டுக் காற்றை எடுப்பதோ தீப்பிடிக்க வைக்கும். கழற்றிப் பழக்கம் இல்லை என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அவர்களிடமே மின்கழிவாக ஒப்படைத்துவிடுங்கள். புதிய பேட்டரி மாட்டிய பிறகு, எப்போதும் சார்ஜரிலேயே வைத்து ஆடுபவராக இருந்தால், லேப்டாப்பின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள். சூடும் முழு சார்ஜும் சேர்ந்து நீடிக்கும்போதுதான் பேட்டரி சீக்கிரம் கெடுகிறது.